பழைய பெட்ரோல் டிரக்கின் இக்னிஷனை மேம்படுத்துதல்: பாயிண்டிலிருந்து எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் மாங்காயும் தக்காளியும் ஏற்றிச் செல்லும் லாரிகளில் ஏறக்குறைய எல்லாமே டீசல் வண்டிகள்தாம். டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால், தீப்பொறி தரும் அமைப்பே அவற்றுக்குத் தேவையில்லை. இந்த வழிகாட்டி, தோட்ட வேலைக்காகவோ பழைய வண்டியின் மீதுள்ள பற்றினாலோ சிலர் இன்னும் ஓட்டிவரும் பெட்ரோல் டிரக்குகளுக்கானது. மகிந்திரா ஜீப் பிக்கப், எஞ்சினை ஓட்டுநர் அறைக்குள்ளேயே கொண்ட எஃப்சி 150 ஆகியவற்றில் வந்த ஹரிக்கேன் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நான்கு சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர் கொள்ளளவு, 1-3-4-2 என்ற எரியும் வரிசை கொண்டது அது. வேறு எஞ்சினாக இருந்தால் செய்முறை மாறாது. எண்களை மட்டும் அந்த எஞ்சினின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாயிண்ட் என்பது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் முகடுள்ள கேம் பாயிண்டைத் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பி, ரோட்டார் வழியாக உரிய பிளக்குக்கு அனுப்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும்போது நொடிக்கு 20 தீப்பொறிகள் போதும். 3000 சுற்றில் நொடிக்கு 100 வேண்டும். அதாவது ஒரு பொறிக்குக் கிடைக்கும் மொத்த நேரம் 10 மில்லிநொடி. அதிலும் பாயிண்ட் மூடியிருப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. காயில் நிரம்ப ஐந்து மில்லிநொடிகூட இல்லாத அந்த நிலையில், கருகிய பாயிண்டோ தளர்ந்த ஒரு ஒயரோ குறுக்கிட்டால், ஏற்றத்தில் சுமையோடு போகும்போது எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும்.

பாயிண்டின் இன்னொரு குறை தேய்மானம். கேமை உரசிக்கொண்டிருக்கும் சிறிய ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறுகி, பாயிண்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் (பொறி எழும் நேரம்) தானாகவே பின்னுக்குப் போகிறது. இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி ஓட்டுநர்கள் பழகிப்போகிறார்கள். எலக்ட்ரானிக் மாட்யூலில் உரசும் பாகம் ஏதுமில்லை. கேமின் மீது மாட்டிய காந்த வளையத்தை ஒரு சென்சார் உணர்ந்து, காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வைத்த டைமிங் வைத்தபடி நிற்கும் என்பதே அதன் உண்மையான பயன். சரியாக வைத்த புதிய பாயிண்டைவிட அதிகமான குதிரைத்திறனை மாட்யூல் தந்துவிடும் என்று விற்பவர் சொன்னால், அதை விற்பவரின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் கருத்தில், வண்டியை முதலில் பழைய பாயிண்டிலேயே ஒழுங்காக ஓடவைத்துவிட்டு, அதன் பிறகுதான் மாட்யூலும் காந்த வளையமும் அடங்கிய கிட்டின் பெட்டியைத் திறக்க வேண்டும். மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் நேராக மாட்யூலை மாட்டினால், மிஸ்ஸிங் நீங்காதபோது குற்றம் கிட்டிலா, காயிலிலா, வயரிங்கிலா, கார்புரேட்டரிலா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

மீட்டர் சொல்வது

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் நான்கு சிலிண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே 10 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருந்தால் முதல் வேலை வால்விலோ ரிங்கிலோ இருக்கிறது. இக்னிஷனுக்குச் செலவு செய்வதைத் தள்ளிப்போடலாம்.

அடுத்து மல்டிமீட்டர். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். இக்னிஷன் சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைக் கையால் சுற்றி நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள். லூகாஸ் வகைக் காயில்களில் அந்த முனையில் எஸ்டபிள்யூ என்றும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் சிபி என்றும் பொறித்திருப்பார்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அதற்கு மேல் காட்டினால், பல பத்தாண்டுப் பழமையான இக்னிஷன் சுவிட்சிலும் துருவேறிய கனெக்டர்களிலும் மின்சாரம் வீணாகிறது என்று பொருள். சாவியைப் போட்டபடி காயிலை நெடுநேரம் விட்டுவிடாதீர்கள், அளந்ததும் அணைத்துவிடுங்கள்.

இந்த இழப்பை நீக்க எளிய வழி ஒரு ரிலே. சாதாரண நான்கு கால் ரிலேயில் 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒயரைக் கொடுத்து, 87-ஐக் காயிலின் எஸ்டபிள்யூ முனைக்கும், 86-ஐ இக்னிஷன் சுவிட்சிலிருந்து வந்த பழைய ஒயருக்கும், 85-ஐ எர்த்துக்கும் இணைத்தால், சுவிட்ச் ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கும். பல வண்டிகளில் இந்த ஒரு வேலையே ஸ்டார்ட்டிங்கில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் கொண்டுவரும். காயிலுக்கு முன்னால் மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் மட்டும் அரை வோல்ட் கணக்கு பொருந்தாது. அங்கே காயில் முனையில் 6 முதல் 9 வோல்ட் வரை இருப்பது இயல்பே. அத்தகைய வண்டியில் 87-லிருந்து வரும் ஒயர் ரெசிஸ்டருக்கு முன்பக்கம் சேர வேண்டும்.

எர்த்தையும் இதே முறையில் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும், மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலும் இருக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் நிலை

கிட் வாங்குமுன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து ரோட்டாரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதைவிட நம்பத்தக்க சோதனை, கேமின் நான்கு முகட்டிலும் தனித்தனியே பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பது. ஒன்றுக்கொன்று 3 தவுக்கு, அதாவது 0.003 அங்குலத்துக்கு மேல் மாறினால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு வகை டைமிங்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது. மாட்யூல் இந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் காந்த வளையம் சென்சாரில் உரசுமளவுக்கு ஆட்டம் இருந்தால் அதுவும் உடைந்துபோகும். புதிய புஷ் கிடைக்காவிட்டால், ஒசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நல்ல லேத் பட்டறையில் ஷாஃப்டையும் உடலையும் சேர்த்துக் கொடுத்து, வெண்கலத்தில் கடைந்து வாங்குவது கடினமான வேலையன்று. ஷாஃப்டைக் கொடுக்காமல் அளவை மட்டும் சொல்லிக் கடையச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஷாஃப்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

அடுத்தது அட்வான்ஸ், அதாவது தீப்பொறியை முன்கூட்டி வரவைக்கும் அமைப்பு. ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் சற்றுத் திருப்பி விட்டால், ஸ்பிரிங் இழுத்து உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினாலோ, திருப்பிய இடத்திலேயே நின்றாலோ, பேஸ் பிளேட்டின் அடியில் இருக்கும் எடைக்கட்டைகளில் பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகிவிட்டது. பிளேட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எடைகளின் ஊசிகளில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள். எஞ்சின் வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னுக்குக் கொண்டுவருவது இந்த எடைகள்தாம். அவை சிக்கியிருந்தால் எந்த மாட்யூலும் பயன் தராது. எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் வாக்குவம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில், அதன் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிளேட் நகர்ந்து அங்கேயே நின்றால் டயஃபிரம் கிழியவில்லை.

இவ்வளவும் முடிந்தபின் புதிய பாயிண்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும் போட்டு இடைவெளியை வையுங்கள். ஹரிக்கேன் எஞ்சினோடு வந்த ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ.; ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 42 டிகிரி. லூகாஸ் 25டி வகைக்கு 0.014 முதல் 0.016 அங்குலம். பிளக் இடைவெளி 0.030 அங்குலம். இந்த நிலையில் வண்டியைச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். எந்தக் குறையும் இல்லாமல் ஓடினால், இதோடு நிறுத்திக்கொள்வதிலும் தவறில்லை. மாதம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்குப் பாயிண்டே போதும் என்பது என் எண்ணம்.

கிட்டும் காயிலும்

வண்டியின் பெயரைச் சொல்லிக் கிட் வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பொறித்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். இத்தனை ஆண்டுகளில் எந்தக் கைகள் எந்த டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினவோ தெரியாது. ஜீப்பில் ஆட்டோலைட்டும் இருக்கலாம், லூகாஸும் இருக்கலாம். உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜேசி ரோட்டில் தேடலாம். போகும்போது கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரையே கையில் எடுத்துச் செல்வது நல்லது.

வோல்ட்டையும் எர்த்தையும் மறவாதீர்கள். மிகப் பழைய ஜீப்புகள் 6 வோல்ட்டில் ஓடியவை. பிரிட்டிஷ் வழிவந்த சில பழைய லாரிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த் ஆகியிருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான 12 வோல்ட் மாட்யூலை இவற்றில் மாட்டினால், சாவியைப் போட்ட கணத்திலேயே அது செத்துவிடும்.

காயிலின் முதல் சுற்றை ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். பேலஸ்ட் இல்லாத சாதாரணக் காயில் சுமார் 3 ஓம் காட்டும்; 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். சுமார் 1.5 ஓம் காட்டுவது பேலஸ்ட்டோடு ஓடவேண்டிய காயில். கிட்டின் தாளில் குறைந்தபட்ச ஓம் இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே உள்ள காயிலைப் போட்டால் மாட்யூல் சூடேறி எரியும். அதிக ஆற்றல் என்ற பெயரில் 1 ஓமுக்கும் குறைந்த நவீனக் காயிலை வாங்கிவந்து பழைய முறைக் கிட்டோடு இணைப்பது இதனால்தான் ஆபத்தானது.

பிளக் ஒயர்களில் உள்ளே செம்புக் கம்பி மட்டும் இருக்கும் பழைய வகை, மாட்யூலின் சென்சாரைக் குழப்பக்கூடிய மின்னிரைச்சலை எழுப்பும். ஆகவே மின்தடை கொண்ட கார்பன் ஒயருக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒயர்களை ஒன்றாகக் கட்டிவைக்கவும் கூடாது. 1-3-4-2 வரிசையில் 3-உம் 4-உம் அடுத்தடுத்து எரிபவை, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும்கூட. 2-க்கும் 1-க்கும் அப்படியே. இந்த ஜோடிகளின் ஒயர்கள் நெருங்கி இணையாக ஓடினால், ஒன்றின் மின்சாரம் மற்றதில் பொறி கிளப்பி எஞ்சினை உலுக்கும்.

பொருத்தும் முறை

கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, உடன் ஒருவரை எஞ்சினைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்குவது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அங்கிருந்து மெதுவாகச் சுற்றி டைமிங் குறியில் நிறுத்த வேண்டும். குறி சில எஞ்சின்களில் ஃபிளைவீலில், சிலவற்றில் கிராங்க் புல்லியில் இருக்கும். இப்போது பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, கேப்பைத் திறந்து ரோட்டார் பார்க்கும் திசையை டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் குறியுங்கள். உடலும் பிளாக்கும் சேரும் இடத்திலும் ஒரு கோடு போட்டுவிட்டால், பின்னர் எது எப்படி அசைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பாயிண்டையும் கண்டென்சரையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். மாட்யூலுக்குக் கண்டென்சர் வேண்டாம். பேஸ் பிளேட்டை உடலோடு இணைக்கும் மெல்லிய பின்னல் எர்த் ஒயர் இருந்தால் அதைக் கழற்றக்கூடாது; மாட்யூலின் எர்த்தும் அதன் வழியாகத்தான் போகிறது. பிளேட்டைத் துடைத்து, பாயிண்ட் இருந்த அதே திருகில் மாட்யூலை மாட்டி, காந்த வளையத்தைக் கேமில் அழுத்தி உட்காரவைத்து, இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைக் கிட்டின் தாள் சொல்லும் அளவுக்கு வையுங்கள். அளக்க இரும்பு ஃபீலரைவிட பிளாஸ்டிக் கேஜ் வசதியானது. இரும்பைக் காந்தம் இழுத்துக்கொண்டு அளவைப் பொய்யாக்கும். ஒயர்கள் கேமிலோ எடைகளிலோ உரசாதபடி ரப்பர் வாசர் வழியாக வெளியே வர வேண்டும். அட்வான்ஸுக்காகப் பிளேட் நகரும் வண்டியில் உள்ளே சிறிது தொய்வும் விட வேண்டும்.

காந்த வளையம் சில கிட்டுகளில் ரோட்டாரைச் சற்று உயர்த்திவிடும். ரோட்டாரின் தலையில் பிசைந்த கோதுமை மாவை மிளகளவு ஒட்டி, கேப்பை மூடித் திறந்து பாருங்கள். மாவு முழுதும் நசுங்கி, ரோட்டாரின் உலோகமே கேப்பின் பித்தளைக் கால்களில் இடித்திருந்தால் வளையம் முழுமையாக உட்காரவில்லை. இதைப் பாராமல் ஸ்டார்ட் செய்தால் முதல் சுற்றிலேயே கேப் உடையும்.

பெரும்பாலான கிட்டுகளில் சிவப்பு ஒயர் 12 வோல்ட்டுக்கும், கருப்பு ஒயர் காயிலின் நெகட்டிவுக்கும் (சிபி முனைக்கும்) போகும். பேலஸ்ட் உள்ள வண்டியில் சிவப்பு ஒயரைக் காயிலில் இணைக்காமல், ரெசிஸ்டருக்கு முன்பக்கம், முழு 12 வோல்ட் வரும் இடத்தில் இணைக்க வேண்டும். எர்த்தை மீண்டும் மாட்டுமுன் நிறங்களை இன்னொரு முறை தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டைமிங்

பாயிண்ட் வண்டியில் காயிலின் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் மாட்டி, விளக்கு எரியத் தொடங்கும் கணத்தை வைத்து டைமிங் பார்ப்பது வழக்கம். மாட்யூலில் இது நம்பத்தக்கதன்று. ஒன்றாம் பிளக்கின் பொறியோடு மின்னும் டைமிங் லைட் வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய பெயின்ட் குறிகளே போதும். கிராங்க் ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்பவர்கள் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். டைமிங் அதிகமாக முன்னுக்கு இருந்தால் ஹேண்டில் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும்.

எஞ்சின் சூடேறியதும், குறியில் சாக்பீஸால் வெள்ளை பூசி, லைட்டின் கிளிப்பை ஒன்றாம் பிளக் ஒயரில் மாட்டி, ஐடிலிங்கில் பாருங்கள். ஹரிக்கேன் எஞ்சினுக்குப் பிஸ்டனின் உச்ச நிலைக்கு 5 டிகிரி முன்பு பொறி எழ வேண்டும். ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். பிறகு ஆக்சிலரேட்டரை மெதுவாக உயர்த்தும்போது குறி சீராக முன்னோக்கி நகர வேண்டும். தாவினாலோ நடுங்கினாலோ எடைகளையும் புஷ்ஷையும் மீண்டும் பார்க்க வேண்டியதுதான்.

சுமையேற்றி ஓட்டும் சோதனையைப் போக்குவரத்துக் குறைந்த ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர்க் கணவாய் அதற்கான இடமன்று. மேல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது நாக்கிங் சத்தம் கேட்டால் ஓரிரண்டு டிகிரி பின்னுக்கு வையுங்கள். இன்றைய பெட்ரோலின் ஆக்டேன், இந்தக் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின்களுக்குத் தேவையானதைவிட அதிகம் என்பதால் நாக்கிங் எளிதில் வராது. வராததையே அனுமதியாகக் கொண்டு மேலும் மேலும் முன்னுக்கு வைத்தால் எஞ்சின் தேவையில்லாமல் சூடேறும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் சரி. எல்லாம் நன்றாக இருந்தால் இடைவெளியை 0.035 அங்குலம் வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் கேப்பும் ரோட்டாரும்தான் கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். இருட்டிய பின் போனட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் ஒயர்களைத் தொடாமல், சற்றுத் தொலைவிலிருந்து மெல்லிய நீர்த்துளியைத் தெளித்துப் பார்த்தால், கசியும் ஒயரில் நீல நிறப் பொறி ஓடுவது தெரியும். ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிப் பனியில் காலை ஸ்டார்ட்டிங் சிரமமாக இருக்கும் வண்டிகளுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவும்.

மாட்யூலுக்கு ஒரு பலவீனம் உண்டு: பாயிண்ட் தேய்ந்தாலும் தள்ளாடியபடி வீடு சேர்க்கும், மாட்யூல் போனால் அப்படியே நின்றுவிடும். பேட்டரி மிகவும் இறங்கிய நிலையில், ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட் குறைந்தாலும் சில மாட்யூல்கள் வேலை செய்யாது. ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாத பழைய டைனமோ வண்டிகளில் இதை எதிர்பார்க்க வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பாதைகளில் ஓட்டுபவர்கள், கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், ஃபீலர் கேஜ், சிறிய ஸ்க்ரூடிரைவர், அசல் திருகுகள் ஆகியவற்றை ஒரு டப்பாவில் இட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். திரும்ப மாற்றும்போது மாட்யூலின் இரண்டு ஒயர்களையும் இணைத்த இடங்களிலிருந்து கழற்றி, முனைகளை டேப் சுற்றி ஒதுக்கி, காந்த வளையத்தை உருவி எடுத்து, பாயிண்டையும் கண்டென்சரையும் பூட்டி, காயிலின் சிபி முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பழைய ஒயரைக் கொடுங்கள். அந்த ஒயரையும் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். சாலையோரத்தில் பலரும் தேடுவது அதைத்தான்.